பாட்டியின் பெயரும் சம்பல் பொடியும்

(தோட்ட மகளிர் சங்கமும் சிக்கனக் கடனுதவிச் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டில் அடுப்பு வேலையும் முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே தேவையில்லாத பேச்சுப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம். போன கூட்டங்களில் போஷாக்கு, சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பேசினோம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பெயர் புலமைச் சொத்து. பெயரைக் கேட்டவுடன், "இது படித்தவங்க சமாச்சாரம், நமக்கு என்னத்துக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அப்படி நினைத்ததால் நம்ம பெண்களுக்கு நஷ்டம் வந்தது. அந்தக் கதையை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமது மகளிர் சங்கத்தில் சம்பல் பொடி செய்த விஷயம் உங்களில் அநேகம் பேருக்குத் தெரியும். விடியற்காலையில் எழும்பி, தேங்காய் துருவி, சம்பல் அரைத்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளையும் ஆயத்தப்படுத்திவிட்டு மலைக்கு ஓடுகிற கஷ்டம் தாய்மார்களுக்குத்தான் தெரியும். சம்பலை முன்கூட்டியே வறுத்துப் பொடியாக்கி வைத்தால் அந்த அரை மணித்தியாலம் மிச்சமாகும் என்று மேற்பிரிவு லயத்தில் இருக்கும் ஒரு பாட்டி யோசனை சொன்னார். செய்து பார்த்தோம். முதல் தடவை பூஞ்சணம் பிடித்தது. இரண்டாம் தடவை பத்து நாளில் சிக்கு வாடை வந்தது. பாட்டி விடவில்லை. ஏழெட்டுத் தடவை வறுத்து, ஆறவைத்து, அளவை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஆறு வாரம் கெடாமல் இருக்கிற ஒரு பக்குவத்துக்கு வந்தோம். லயத்தில் அந்தப் பாட்டியைக் கூப்பிடுகிற பட்டப்பெயரையே பெக்கட்டுக்கும் வைத்தோம். திருவிழாவில் விற்றோம், டவுன் கடைகளுக்கும் கொடுத்தோம். பதினொரு பெண்களுக்குக் கைச்செலவுக்குக் காசு வந்தது.

அப்போது டவுனில் ஒரு கடைக்காரர், "மாதா மாதம் பெரிய ஓடர் தாறேன். ஆனால் பொது சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் காட்டவேணும், என்னென்ன எவ்வளவு போடுறீங்க, எப்படி வறுக்கிறீங்க என்று எழுதித் தாங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? நாங்கள்தான். பெண்களிடம் கேட்டுக் கேட்டு, அளவு, நேரம், பக்குவம் எல்லாவற்றையும் அழகாக டைப் அடித்து, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தோம். நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் செய்தோம். ஓடர் வரவில்லை. நாலு மாதத்தில் அதே பொடி, அதே பட்டப்பெயர், பளபளவென்று கலர் பெக்கட்டில் கடையில் தொங்கியது. பாட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னைய என்னா கடையில தொங்க விட்டிருக்கானுக?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வது எங்கள் கடமை.

புலமைச் சொத்து என்றால் என்ன? வீடு, காணி, மாடு, நகை என்பவை கண்ணால் பார்க்கிற சொத்து. மனிதன் தன் மூளையாலும் கைப்பழக்கத்தாலும் உண்டாக்குகிற புது யோசனை, பெயர், வடிவம், செய்முறை இவையும் சொத்துத்தான். நம் நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. சாப்பாட்டுச் சாமான் செய்து விற்கிற நமக்கு முக்கியமாகத் தெரியவேண்டியவை மூன்று. பெயர், புதுக் கண்டுபிடிப்பு, இரகசியம்.

முதலில் பெயர்

இதைச் சட்டத்தில் வியாபாரக் குறி என்கிறார்கள். பெயரின் மதிப்பைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. தோமஸ் லிப்டன் என்பவர் கிளாஸ்கோ நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னைத் தோட்டம் அவருடையதாக இருந்தது. தேயிலைச் செடியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டுவிட்டார். லிப்டன் செய்தது என்னவென்றால், தேயிலையை அளவாகப் பெக்கட்டில் அடைத்து, அதன்மேல் தன் பெயரைப் போட்டார். அந்தப் பெயர் இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறது. கொழுந்து நம்ம பாட்டன் பூட்டி பறித்தது, பெயர் அவருடையது.

நீண்ட காலம் நம் நாட்டுத் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலும் சாக்கிலும்தான் வெளிநாடு போனது. அங்கே வேறு தேயிலையோடு கலந்து, யாரோ ஒருவருடைய பெயரில் விற்றார்கள். 1980களில் மெரில் ஜே. பெர்னாண்டோ என்பவர் தன் இரண்டு மகன்மாரின் பெயரைச் சேர்த்து டில்மா என்று பெயர் வைத்து, இங்கேயே பெக்கட் பண்ணி அவுஸ்திரேலியாவில் விற்றார். பெயர் நம் நாட்டில் இருந்ததால் பெக்கட்டின் இலாபமும் நம் நாட்டுக்கு வந்தது. அதேபோல, தேயிலைப் பெட்டியில் வாள் பிடித்த சிங்கப் படம் பார்த்திருப்பீர்கள். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான குறி. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பெக்கட் பண்ணியிருக்கவேண்டும், சபை சொல்கிற தரமும் இருக்கவேண்டும். அப்படியிருந்தால்தான் அந்தச் சிங்கத்தைப் போடலாம். நீங்கள் பறிக்கிற இரண்டு இலையும் ஒரு மொட்டும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று கணக்கப்பிள்ளை சத்தம் போடுவதில் அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற வேலையும் அடங்கியிருக்கிறது.

ஊரின் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. இதைப் புவியியல் குறியீடு என்பார்கள். சிலோன் கறுவா என்ற பெயரை 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விதம் பதிவு செய்தது. நம் நாட்டுப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் பதிவு அது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். பிரதேச செயலகம் மூலமாக நாம் எடுக்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வியாபாரக் குறிப் பதிவு வேறு. முதலாவது, இன்னார் இந்தப் பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதற்கு மட்டும்தான். பெக்கட்டில் போடுகிற பெயரை இன்னொருவர் பாவிக்காமல் தடுக்க, புலமைச் சொத்து அலுவலகத்தில் குறியைப் பதிய வேண்டும். நாங்களும் முதலாவதை எடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அதுதான் நாங்கள் விட்ட முதல் பிழை. வியாபாரக் குறியை ஒரு தடவை பதிந்தால் பத்து வருஷம். பத்து வருஷத்துக்கொரு தடவை புதுப்பித்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கொண்டு போகலாம்.

இரண்டாவது, புதுக் கண்டுபிடிப்பு

இதைப் பேட்டன்ட் அல்லது ஆக்கவுரிமை என்கிறார்கள். உலகத்தில் முன்பு இல்லாததாக இருக்கவேண்டும், அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் சாதாரணமாகத் தோன்றாததாக இருக்கவேண்டும், தொழிலில் பயன்படுவதாக இருக்கவேண்டும். அப்படியிருந்தால் நம் நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருஷத்துக்கு உரிமை கொடுப்பார்கள். அதற்குக் கூலியாக, செய்முறையை முழுவதும் எழுதி ஊருக்குத் தெரியக் கொடுக்கவேண்டும். இருபது வருஷம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பழைய ஸ்டோர்களில் கொழுந்து காயவைக்கிற இயந்திரத்தில் சிரோக்கோ என்று எழுதியிருப்பதை ஸ்டோர் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துப் பையன் 1864இல் இந்தியாவில் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அப்போது கரி அடுப்புக்கு மேலே தட்டு வைத்துத்தான் தேயிலை காயவைப்பார்கள். புகையும் கருகலும் தொல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, சூடான காற்றால் காயவைக்கிற இயந்திரத்தை உண்டாக்கி, பேட்டன்ட் எடுத்து, 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் தொழிற்சாலையும் தொடங்கினார். அந்த உரிமையெல்லாம் எப்போதோ முடிந்துபோயிற்று. பெயர் மட்டும் இயந்திரத்தின் நெற்றியில் இருக்கிறது.

இன்னொன்று நம் பெண்களுக்காகச் சொல்கிறோம். டீ பேக் என்கிற தேயிலைப் பைக்கு முதல் முதல் பேட்டன்ட் எடுத்தவர்களில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ரொபேர்ட்டா லோசன், மேரி மெக்லாரன் என்ற அந்த இருவரும் 1901இல் விண்ணப்பித்து 1903இல் உரிமை பெற்றார்கள். கேத்தல் நிறைய தேத்தண்ணி போட்டால் மிச்சம் வீணாகிறது, ஒரு கோப்பைக்கு மட்டும் அளவாகப் போடுவது எப்படி என்று யோசித்து, நூலால் நெய்த சின்னப் பை ஒன்றை உண்டாக்கினார்கள். அவர்கள் யோசனை பிறந்தது தேத்தண்ணிக் கோப்பையில்தான், நம் பாட்டியின் யோசனை சம்பல் அம்மியில் பிறந்த மாதிரி.

ஆனால் பாட்டி காலத்திலிருந்து எல்லோரும் செய்கிற சாமானுக்குப் பேட்டன்ட் கிடையாது. அப்படி யாராவது எடுத்தாலும் நிற்காது. இதற்கு நல்ல உதாரணம் மஞ்சள். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இதற்கே பேட்டன்ட் வாங்கிவிட்டது. இந்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வாதாடியது. வாயால் சொல்லி வெல்லவில்லை. பழைய சமஸ்கிருத நூல்களையும், 1953இல் இந்திய வைத்திய சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் முன்னால் வைத்தது. 1997இல் அந்தப் பேட்டன்ட் ரத்தானது. எழுத்தில் இருந்ததால் மஞ்சள் தப்பியது. நம் கைப்பக்குவம் எத்தனை எழுத்தில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, இரகசியம்

கொக்கா கோலாவின் கலவை 1886இல் அமெரிக்காவில் உண்டானது. அந்தக் கலவையை இன்றுவரை இரகசியமாகவே வைத்திருக்கிறார்கள். பேட்டன்ட் எடுத்திருந்தால் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும், சில காலத்தில் எல்லோரும் செய்திருப்பார்கள். 1977இல் இந்திய அரசாங்கம், கம்பனியின் பெரும் பங்கை உள்நாட்டாருக்குக் கொடு, கலவையையும் கொடு என்று கேட்டபோது, அவ்வளவு பெரிய சந்தையை விட்டுவிட்டே போனார்கள். 1993இல்தான் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய போத்தலின் வடிவத்துக்கு 1915இல் தனியாக உரிமை எடுத்தார்கள். வடிவத்துக்கும் நம் நாட்டில் பதிவு உண்டு, ஐந்து ஐந்து வருஷமாக மொத்தம் பதினைந்து வருஷம் வரைக்கும்.

ஆகவே எங்கள் இரண்டாவது பிழை என்ன என்று உங்களுக்கே விளங்கும். இரகசியம் என்பது வாயை விட்டுப் போகும்வரைதான் இரகசியம். சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் நாம் அதை இரகசியமாக வைத்திருந்தோம் என்று காட்டவேண்டும். நாமே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஒரு நிபந்தனையும் எழுதாமல் கொடுத்துவிட்டு, "இரகசியத்தைத் திருடிவிட்டார்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உணவு லேபலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போடவேண்டும், கூடுதலாகச் சேர்ந்தது முதலில் வரவேண்டும். அது சாப்பிடுகிறவர்களின் உரிமை. ஆனால் எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், எந்தத் தீ என்று லேபலில் போடவேண்டியதில்லை. சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் அவருக்கு நேரே நாம் பதில் சொல்லலாம். கடைக்காரர் கையில் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் பூட்டி வைப்பதுதான் புத்தி என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிற நூடில்ஸ் இருக்கிறதே, அதை உடனடிச் சாப்பாடாக்கியவர் ஜப்பானில் மொமொஃபுகு அன்டோ என்பவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் ஒரு வருஷம் மாவும் தண்ணியுமாகப் போராடினார். மனைவி எண்ணெயில் பலகாரம் பொரிப்பதைப் பார்த்து, பொரித்தால் ஈரம் போகும், சுடுதண்ணி ஊற்றினால் திரும்ப மெதுவாகும் என்று கண்டுகொண்டார். 1958இல் விற்பனைக்கு விட்டார். உடனே போலிகள் வந்தன. பேட்டன்ட்டும் பெயர்ப் பதிவும் எடுத்துத் தன் உரிமையை நிலைநாட்டினார். அதன் பிறகு 1964இல் மற்றக் கம்பனிகளுக்கும் அந்த முறையைப் பாவிக்க அனுமதி கொடுத்தார். முதலில் தன்னுடையதாக்கினார், பிறகு மனம் வைத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி நாம் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று, புதுச் சாமான் செய்து பார்க்கும்போது ஒரு சி.ஆர். கொப்பி போடுங்கள். திகதி, அளவு, என்ன பிழைத்தது, என்ன சரிவந்தது என்று பாடசாலை போகிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். கொப்பியைச் சங்கத் தலைவி பூட்டி வைக்கட்டும்.

இரண்டு, விற்ற பில்லையும் பழைய பெக்கட்டையும் கண்காட்சிப் படத்தையும் எறியாதீர்கள்.

மூன்று, பெயர் வைத்தால் விற்பனை பெரிதாகும் முன்பே வியாபாரக் குறிக்கு விண்ணப்பியுங்கள். பதிவு உடனே கைக்கு வராது, பொறுமை வேண்டும். ஆனால் விண்ணப்பித்த திகதி முக்கியம். சங்கத்தின் சாமானைத் தனி ஆளின் பெயரில் பதியாதீர்கள். இன்றைக்கு அக்கா தங்கையாக இருக்கிறோம், நாளைக்குப் பணம் வந்தால் மனம் மாறலாம்.

நான்கு, யாராவது செய்முறை கேட்டால், "சங்கத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், வேறு எவருக்கும் கொடுப்பதில்லை, தானும் செய்வதில்லை என்று எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.

ஐந்து, இங்கே எடுக்கிற பதிவு இந்த நாட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் மூலமாக விற்க நினைத்தால் அங்கேயும் தனியாக விண்ணப்பிக்கவேண்டும்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். கடைக்காரர் பாட்டியின் பெயரைப் பதிய விண்ணப்பம் போட்டிருந்தார். பதிவுக்கு முன் குறியைப் பிரசுரிப்பார்கள், அப்போது ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். நல்ல காலமாக ஒரு தங்கச்சி பழைய பில்களையெல்லாம் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாள். திருவிழாவில் பாட்டி பெக்கட்டோடு நிற்கிற படமும் கிடைத்தது. அவற்றைக் காட்டிக் கடிதம் போனதும் கடைக்காரர் பெயரை விட்டுக்கொடுத்தார். பெயர் திரும்பி வந்தது. செய்முறை திரும்பி வரவில்லை. இப்போதும் அவர் வேறு பெயரில் அதே பொடியைத்தான் விற்கிறார். அதைத் தடுக்க எங்களிடம் வழியில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது, பதினொரு பெண்களிடமும் பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டோம், இன்றைக்கு உங்கள் முன்னாலும் கேட்கிறோம்.

பாட்டி எங்களைத் திட்டவில்லை. "போனா போகுது தம்பி, அத விட நல்லா ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, பொடியின் பக்குவத்தை மாற்றிவிட்டார். இப்போது நம் பொடி முன்பைவிட நாள் நிற்கிறது, வாசமும் கூட. என்ன மாற்றினார் என்று இங்கே சொல்லமாட்டோம். பாட்டியின் பெயருக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, சங்கத்தின் பெயரில். கொப்பி பூட்டில் இருக்கிறது, திறப்பு எங்களிடம் இல்லை. பெண்கள் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான முடிவுதான்.

பலகாரம், ஊறுகாய், கறித்தூள், இஞ்சிப்பாகு என்று உங்கள் வீடுகளிலும் எத்தனையோ கைப்பக்குவம் இருக்கிறது. விற்க நினைப்பவர்கள் முதலில் எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள். விண்ணப்பப் பத்திரம் நிரப்ப உதவி செய்கிறோம். செய்முறையை மட்டும் எங்களிடமும் சொல்லவேண்டாம்.